மிக்ஸ்டேப்புக்குத் தமிழ் வேண்டும்: நாளை நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது

குழுவினருக்கு வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டு விழாவில், இங்கேயே தமிழ் மீடியத்தில் படித்த பையன் ஒருவனின் ராப் பாட்டுத் தொகுப்பை, அதாவது மிக்ஸ்டேப்பை, வெளியிடுகிறோம். நோட்டீஸின் மலையாளப் பக்கத்தில் மிக்ஸ்டேப் என்றே போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பக்கம் என் தலையில். ராப்புக்குச் 'சொல்லிசை' எழுதிவிட்டேன், அது ஏற்கெனவே புழங்குகிற சொல். மிக்ஸ்டேப்புக்கு? 'ஆல்பம்' என்றால் பையன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறான். ஆல்பம் இனிமேல்தானாம்.
— கொழிஞ்சாம்பாறை

டீச்சர், கலவை நாடா. ஒலிநாடா என்று முன்பே உண்டே, அதோடு ஒட்டிப் போகும்.
— சித்தூர்

கலவை என்றால் சிமென்ட்டும் மணலும்தான் நினைவுக்கு வரும். நாடாவோ இந்துஸ்தானி. பாவாடைக்குப் போடுங்கள், பாட்டுக்கு வேண்டாம். கலம்பகம் இருக்கும்போது ஏன் இந்த அலைச்சல்? வெண்பா, கலித்துறை, விருத்தம் எல்லாம் கலந்து வரும் நூல். நந்திக் கலம்பகம் 9-ஆம் நூற்றாண்டு. கலம் என்றால் 12, பகம் என்றால் 6, ஆக 18 உறுப்பு.
— கோவை

புலவர் ஐயா, அந்தப் பன்னிரண்டும் ஆறும் பிற்காலத்தார் கட்டிவிட்ட கணக்கு. திருப்பள்ளியெழுச்சியில் தொண்டரடிப்பொடியாழ்வார் கலம்பகம் என்பது பூமாலையை. அங்கே எங்கே பதினெட்டு? வடமொழிக் கதம்பகம்தான் கலம்பகம் ஆயிற்று என்ற கட்சியும் உண்டு. அப்படியானால் பூக்காரம்மா சொல்லும் கதம்பமே போதும்.
— கல்பாத்தி

தகரம் லகரமாகுமா? எந்த நூற்பா? கலப்பு + அகம். பச்சைத் தமிழ்.
— கோவை

ஆகுமே ஐயா. இங்கே மலையாளத்தில் உத்ஸவத்தை 'உல்சவம்' என்றுதானே சொல்கிறார்கள்?
— கல்பாத்தி

அது மெய்க்கு முன்னால் நிற்கும் ஒற்றுத் தகரம். கதம்பத்தில் தகரம் உயிரேறி நிற்கிறது. இரண்டையும் குழப்பாதீர்கள். தவிர, தமிழில் அது உற்சவம்.
— கோவை

நாளைக்கு அச்சு!
— கொழிஞ்சாம்பாறை

முதலில் பொருளைப் பாருங்கள். 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி டிஜேக்கள், கொண்டாட்டங்களில் வாசித்ததைக் கேசட்டில் பிடித்துக் கைமாற்றினார்கள். டேப் என்ற பெயர் அந்த வழக்கில் நிலைத்தது. பிற்பாடு ராப்பர்கள் அடுத்தவர் பீட்டின்மேல் தங்கள் வரிகளை ஏற்றி இலவசமாக விட்டார்கள். கம்பெனி கிடையாது, விலை கிடையாது, பல சமயம் பீட்டுக்கு அனுமதியும் வாங்கியிருக்க மாட்டார்கள். 2017-இல் சான்ஸ் த ராப்பருக்குக் கிராமி வாங்கித் தந்ததும் விலைக்கு விற்காமல் ஸ்ட்ரீமிங்கில் மட்டும் விட்ட மிக்ஸ்டேப்தான். ஆக நாடா போய்விட்டது, கலவையும் கட்டாயமில்லை. மிச்சம் இருப்பது, 'ஒருத்தன் வர்றான், பாத்துக்கோங்க' என்ற அறிவிப்பு. 'வெள்ளோட்டம்' என்று வையுங்கள்.
— மூணாறு

தேரோடும் ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன்: வெள்ளோட்டத் தேரில் சாமி இருக்காது. பையன் டேப்பில் இருக்கிறது.
— கல்பாத்தி

கேட்டவர்கள் எத்தனை பேர்? மூணாவது பாட்டைப் போட்டுப் பாருங்கள். கேள்வி மலையாளம், பதில் தமிழ். "கஞ்சி குடிச்சோ?" "கடன்தான் என்னைக் குடிச்சுது." அடியில் செண்டையும் இல்லை, தவிலும் இல்லை. களத்துமேட்டில் தேங்காய் உரிக்கிற பாரைக்கம்பிச் சத்தம்: சரக், சரக், டொப். அந்த 'டொப்' விழும் இடத்தில்தான் பதில் விழுகிறது. நம் பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்தில் சோத்தியக்காரன் மடக்கி மடக்கிக் கேட்க, வேஷக்காரன் பாட்டிலேயே பதில் சொல்வானே, அதேதான். அதிலும் இரண்டு மொழியும் கலந்துதானே வரும்? 'பொறாட்டு' என்றே வைக்கலாம்.
— வேலந்தாவளம்

அப்படியானால் மணிப்பிரவாளம் என்றும் வைக்கலாமே!
— சித்தூர்

அதைத் தூக்கிப் போட நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு விளையாட்டாக இருக்கிறது.
— கோவை

பொறாட்டு என்பது அந்த நாடகத்துக்கே உரிய பெயர், அதைப் பிடுங்க வேண்டாம். பையனையே கேட்டேன். "டீச்சர், பதினெட்டு உறுப்பெல்லாம் எங்கிட்ட இல்ல, ஏழு டிராக்தான். பாட்டுன்னு போட்டாலும் சரி" என்றான். கதம்பத்துக்கு நாலு பேர், வெள்ளோட்டத்துக்கு இரண்டு, கலம்பகத்துக்குப் புலவர் ஐயா. பிரஸ்காரர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். 'சொல்லிசைக் கதம்பம்' என்று புரூஃப் அனுப்பிவிட்டேன். கீழே சின்ன எழுத்தில் மிக்ஸ்டேப் என்றும் இருக்கும், இல்லாவிட்டால் பூ ஏலம் என்று நினைத்து வருவார்கள்.
— கொழிஞ்சாம்பாறை

ககர ஒற்று மிகுந்திருக்கிறது, நன்று. கதம்பத்துக்கு என் ஒப்புதல் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். தகர லகர மாற்றம் பற்றி நாளை தனி இழை தொடங்குவேன். கல்பாத்தி நண்பர் சான்றுகளோடு வரவும்.
— கோவை