1903 ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளி புரூஃபா, புழக்கக் காசா?

செந்தூல்காரன்:
காசு மின்னுவதால் மட்டும் புரூஃப் (புழக்கத்துக்கு அல்லாமல் தனிக் கவனத்தோடு மெருகாக அடித்த காசு) ஆகிவிடாது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததும் எரிச்சலாக வந்தது. என்னிடம் உள்ள 1903 ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பிரிட்டிஷ் கால பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், காசில், எட்வர்ட் மன்னர் தலையைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் என் முகமே தெரிகிறது. பம்பாயில் அடித்தது, ‘பி’ எழுத்தும் இருக்கிறது. கடையில் கொடுத்து வாங்க அடித்த காசு இப்படி மின்னுமா? படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பட்டர்வொர்த் பழங்காசு:
எழுதியது நான்தான் தம்பி. புழக்கத்துக்கு அடிக்கும் அச்சையும் மெருகேற்றுவதுண்டு. அதில் விழும் முதல் காசுகளும் கண்ணாடியாகத்தான் வரும். விளிம்பைக் காட்டுங்கள். புரூஃபுக்கு அச்சுக்கும் மெருகு, அடிக்கப்போகும் வெள்ளித் தகட்டுக்கும் மெருகு, அழுத்தமும் அதிகம், ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள், அதனால் உலோகம் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து விளிம்பு கத்தியால் சீவியது போல நேராக நிற்கும். புழக்கக் காசு வேகமாக ஒரே அடியில் விழுவது, விளிம்பு மழுங்கலாக இருக்கும். உங்கள் படத்தில் விளிம்பு தெரியாதபடி ஓரத்தை வெட்டிவிட்டிருக்கிறீர்கள். ஏன்?

செந்தூல்காரன்:
120 வருடத்துக் காசு அண்ணே, விளிம்பு தேயாதா?

பட்டர்வொர்த் பழங்காசு:
விளிம்பு தேயும் அளவுக்குக் கை மாறிய காசில் மன்னர் தாடியும் கண்ணாடி வெற்றிடமும் மட்டும் எப்படித் தப்பின? விளிம்பைக் காட்டுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகி:
விளிம்பு விளிம்பு என்று எத்தனை முறை சொல்வீர்கள்? பம்பாய் நாணயச்சாலை சேகரிப்பாளர்களுக்காகப் பழைய ஆண்டுக் காசுகளையே 1970 வரை புரூஃபாக மறுபடி அடித்துக் கொடுத்தது. அவற்றிலும் விளிம்பு நேராகத்தான் இருக்கும். அப்புறம் உங்கள் விளிம்பு எதை நிரூபிக்கும்?

பட்டர்வொர்த் பழங்காசு:
அந்த ஆண்டிலேயே அடித்ததா, பிறகு அடித்ததா என்பது வேறு வழக்கு அம்மா. இங்கே கேள்வி புரூஃபா இல்லையா என்பதுதான். நேரான விளிம்பு இல்லையென்றால் இரண்டுமே இல்லை, பேச்சு அங்கேயே முடிந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். அச்சை மெருகேற்றிய கோடு காசில் மேடாக இருக்கும், எழுத்தின் காலடியோடு நின்றுவிடும். ஏனென்றால் அச்சில் எழுத்து பள்ளம், மெருகு அதற்குள் இறங்காது. துணியால் தேய்த்த கீறல் பள்ளமாக இருக்கும், எழுத்தின் மேலும் ஏறிப் போகும். தம்பி படத்தில் கோடுகள் மன்னரின் கழுத்து மேலேயே ஏறுகின்றன. யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள்.

செந்தூல்காரன்:
தேய்ப்பதைப் பற்றி நீங்கள் பேசவே கூடாது. போன வருடம் நீங்கள் எனக்கு விற்ற 1920 ஐம்பது காசில் ‘அரசர்’ முகமே வழுவழுவென்று இருந்தது, பற்பசை போட்டுத் தேய்த்தது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்!

பட்டர்வொர்த் பழங்காசு:
அதைப் புழக்கக் காசு என்று சொல்லி, புழக்கக் காசு விலைக்குத்தான் கொடுத்தேன். புரூஃப் என்று வாய் திறந்தேனா?

பிரிக்ஃபீல்ட்ஸ் தராசு:
சண்டை எதற்கு, நிறுத்துப் பாருங்கள். 1903, 1904 வெள்ளி 26.95 கிராம். 1907இல் எடையைக் குறைத்தார்கள், 20.21தான்.

பட்டர்வொர்த் பழங்காசு:
எடை போலியைப் பிடிக்கும். புரூஃபும் புழக்கக் காசும் ஒரே எடை. கோலாலம்பூர்காரர்கள் தராசையும் பளபளப்பையும் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. எங்கள் பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய காசு பார்த்துப் பழகியவன் முதலில் ஓரத்தைத்தான் திருப்பிப் பார்ப்பான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தராசு:
பினாங்கில் பிறந்தால் கண்ணிலேயே லூப் இருக்குமோ? ஞாயிற்றுக்கிழமை அம்கோர்ப் மாலுக்கு வாருங்கள், எங்கள் ஆட்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியும்.

ஆயர் ஈத்தாம் வாசகி:
நானும் பினாங்குதான். எங்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பேச உங்களை யாரும் கேட்கவில்லை ஐயா. மறுபடி அடித்தது பற்றிக் கேட்டேன், அதற்கு இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை.

செந்தூல்காரன்:
அமெரிக்காவுக்குத் தரம் பார்க்க அனுப்பப் போகிறேன். புரூஃப் என்று எழுதி வரும், அன்றைக்குப் பேசுவோம்.

பட்டர்வொர்த் பழங்காசு:
தாராளமாக அனுப்புங்கள். அனுப்பும் முன் விளிம்பை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். இதோடு மூன்றாவது தடவை கேட்கிறேன்.

செந்தூல்காரன்:
முதலில் அந்த ஐம்பது காசைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள், படம் தானாக வரும்.