பசுமைக்குடில் தக்காளியும் உரநீரும்: மறக்க முடியாத ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

தளி உழவர்:
கால்சியம் உரத்தை ஏ தொட்டியிலும், சல்பேட், பாஸ்பேட் உரங்களை பி தொட்டியிலும் ஏன் பிரித்து வைக்கிறோம் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் குடிலில் உரநீர் அமைப்பைப் பொருத்த வந்த விற்பனைப் பிரதிநிதிக்கு அது தெரியவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. இடம் மிச்சமாகும் என்று கூறி, கால்சியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் மூன்றையும் ஒரே பீப்பாயில், நூறு மடங்கு அடர்வில், அவரே கொட்டினார். கழியால் கலக்கிக்கொண்டிருக்கும்போதே நீர் மோர் போல வெளுத்தது. "தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது, சற்று நேரத்தில் கரைந்துவிடும்" என்றார். கையை விட்டுப் பார்த்தேன். அடியில் நறநறவென்று மாவு. கால்சியம், சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகவும், பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகவும் படிந்துவிட்டால், பிறகு எவ்வளவு கலக்கினாலும் பயனில்லை. பீப்பாயைக் கவிழ்ப்பதற்குள், உரத்தைப் பாசனக் குழாய்க்குள் இழுக்கும் வென்சுரி தன் பங்கை உறிஞ்சிவிட்டது. கடைசி வரிசைச் சொட்டுவான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அமிலத்தில் ஊறவைத்தோம்.

ராயக்கோட்டை உழவர்:
சித்திரை வெயிலில், காய் எலுமிச்சை அளவு வந்ததும், அடிப்பகுதி கறுத்து உள்வாங்கத் தொடங்கியது. உரக்கடையில் கால்சியம் குறைவு என்று கூறி, தெளிப்பதற்கு ஒரு குப்பியை நீட்டினார்கள். தொட்டியில் கால்சியம் தாராளமாக இருக்கும்போது செடிக்கு எப்படிக் குறையும் என்பது எனக்குப் புரியவில்லை. அப்போது குடிலுக்கு வந்திருந்த மைத்துனர், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. மீட்டரைச் சொட்டுவானுக்கு அடியில் பிடிக்காமல், செடி நட்டிருக்கும் தென்னை நார்ப் பையிலிருந்து வடியும் நீரில் பிடித்தார். உள்ளே போவது 2.6; வடிவது 5.4. இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. வேர்ப்பகுதியில் உப்பு ஏறினால் செடி நீரை இழுக்கத் திணறும். கால்சியமோ நீரோடுதான் ஏறும். ஏறுகிற கொஞ்சமும் நீராவி விடும் இலைக்குப் போய்விட, காயின் நுனி பட்டினி கிடக்கும். ஈ.சி.யை 2-க்கு இறக்கி, நண்பகலில் சிறுசிறு பாய்ச்சல்களாகக் கூட்டி, கொடுத்ததில் கால் பங்கு வடியும்படி செய்தோம். அடுத்த கொத்துகள் சுத்தமாக வந்தன. கறுத்தவை தேறாது, பறித்து எறிந்தோம்.

கெலமங்கலம் உழவர்:
ராயக்கோட்டை நண்பர் கூறியதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. தென்னை நார்க் கழிவைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்காமலும் கழுவாமலும் நட்டிருந்தால், அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விடும், ஈ.சி.யைக் குறைத்ததால் அது சரியாகாது. என் தோட்டத்தில் ஒரு பருவம் முழுவதும் அப்படித்தான் போயிற்று.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஃபுளோரைடைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைக் காரமாக்கும் பைகார்பனேட்டைப் பற்றி எவரும் பேசுவதில்லை. உர அட்டவணையைத் தேடுவதற்கு முன் நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். லிட்டருக்கு 61 மில்லிகிராம் பைகார்பனேட் ஒரு மில்லி ஈக்விவலன்ட், அதாவது அமிலத்தோடு ஈடுகட்டிப் பார்க்கும் அலகில் ஒன்று. அறிக்கையில் 366 என்று வந்தால் 6. அதில் ஒன்றை விட்டுவைத்து ஐந்தை நைட்ரிக் அமிலத்தால் முறிக்க வேண்டும். ஒவ்வொரு மில்லி ஈக்விவலன்ட் அமிலமும் லிட்டருக்கு 14 மில்லிகிராம் தழைச்சத்தைச் சேர்ப்பதால், 70 மில்லிகிராம் அமிலத்தின் வழியாகவே வந்துவிடுகிறது. அதை உரக் கணக்கில் கழிக்காதவர்கள்தாம், செடி கொழுகொழுவென்று வளர்ந்து பூக்கவில்லை என்று புலம்புகிறார்கள். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

பாலக்கோடு உழவர்:
கெலமங்கலம் ஐயாவின் கணக்கைக் குறித்துக்கொண்டேன், ஆனால் நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். அளக்கும் கருவியே பொய் சொன்னால் எந்தக் கணக்கும் நிற்காது. எங்கள் குடிலில் இளந்தளிர்கள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. இரும்புக் குறைபாடு என்பது பார்த்தவுடனே தெரிந்தது. இ.டி.டி.ஏ. என்ற பிணைப்பியோடு சேர்ந்த இரும்பை மேலும் மேலும் சேர்த்தும் பலனில்லை. பேனா மீட்டரோ எப்போதும் 6.0 என்றே காட்டியது. விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் அதைக் கிணற்று நீரில் வைத்தாள், 6.0. பிறகு சமையலறையிலிருந்து எலுமிச்சைச் சாற்றைக் கொண்டுவந்து அதில் வைத்தாள். அதிலும் 6.0. முனை உலர்ந்து செத்துப் போயிருந்தது. புதிய மீட்டரை 4, 7 கரைசல்களில் சரிபார்த்து வைத்தபோது சொட்டுநீர் 7.6 காட்டியது. 6.5-ஐத் தாண்டினால் இ.டி.டி.ஏ. இரும்பைத் தன் பிடியில் வைத்திருக்காது. பி.எச்.சை 5.8-க்கு இறக்கிய பின் வந்த தளிர்கள் பச்சையாகவே வந்தன.

ராயக்கோட்டை உழவர்:
கெலமங்கலம் நண்பருக்கு: நார்ப் பைகள் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்துக் கழுவியவையே, நட்ட வாரத்தில் வடிநீர் 2.4-தான் இருந்தது. உப்பு ஏறியது மும்முனை மின்சாரம் நண்பகலில் நின்றுபோன அந்த வாரத்தில். இப்போது உச்சிவேளைப் பாய்ச்சலை மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனிக் குழாயில் கொடுக்கிறேன். ஆனால் தொட்டியின் உயரம் போதாததால் கடைசி வரிசைக்கு அழுத்தம் குறைகிறது. இதை யாராவது சரிசெய்திருந்தால் எழுதுங்கள்.