மறு: ‘டிஸ்எங்கேஜ்மென்ட்’ உடன்படிக்கை – ‘படைவிலகல்’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். எகிப்து அதிபர் அன்வர் சதாத் போரிலிருந்து சமாதானத்துக்கு வந்த வழியைப் பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். இஸ்ரேலோடு நடந்த 1973 அக்டோபர் போரும் 1979 அமைதி உடன்படிக்கையும் தடையில்லாமல் தமிழுக்கு வந்துவிட்டன. இரண்டுக்கும் நடுவே, 1974 ஜனவரி 18 அன்று கையெழுத்தான ‘டிஸ்எங்கேஜ்மென்ட்’ உடன்படிக்கையில்தான் மூன்று நாளாக நிற்கிறேன்.

நேற்றைய மடலில் ஐயா ஒருவர், “‘படைவிலகல்’ என்று எழுதுங்கள். நாளிதழ்கள் ‘படைகள் வாபஸ்’ என்றே எழுதுகின்றன. வாசகருக்குப் புரியும்” என்று சொல்லியிருந்தார். புரியும், உண்மைதான். ஆனால் நடக்காத ஒன்று நடந்ததாகப் புரிந்துவிடும். அதுதான் என் கவலை.

அந்த நேரத்து நிலப்படத்தைப் பாருங்கள். அக்டோபர் 6 பிற்பகலில் எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைக் கடந்தது. கிழக்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பியிருந்த பெரிய மணல் கரையை, பம்புகளால் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து வழி செய்தார்கள். பத்து நாள் கழித்து இஸ்ரேலியப் படை எதிர்த்திசையில் கால்வாயைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்தது. தெற்கே திரும்பி எகிப்தின் மூன்றாம் படையைச் சூழ்ந்துகொண்டது. சண்டை நின்றபோது எகிப்தியர் கிழக்கே இருந்தார்கள், இஸ்ரேலியர் மேற்கே இருந்தார்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர். மூன்றாம் படைக்குக் குடிதண்ணீர் போவதற்கே எதிரியின் சம்மதம் தேவைப்பட்டது. எகிப்தியத் தளபதி கமாசியும் இஸ்ரேலியத் தளபதி யாரிவும் கூடாரத்தில் உட்கார்ந்து பேசிய இடத்துக்கு ‘101ஆம் கிலோமீட்டர்’ என்றே பெயர் வந்தது. கெய்ரோவிலிருந்து சூயஸ் போகும் சாலையில் எண்ணிய தூரம் அது. இஸ்ரேலியப் படை எகிப்தின் தலைநகரை எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

இதில் யார் ‘விலகினார்’? இஸ்ரேலியப் படை மேற்குக் கரையை விட்டுப் போனது. கால்வாய்க்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி நின்றது. ஆனால் 1967 போரில் எகிப்திடமிருந்து பிடித்த சினாய் பாலைவனத்தை விட்டு அது போகவில்லை. எகிப்தியப் படையோ பிடித்த கிழக்குக் கரையிலேயே, ஆளும் ஆயுதமும் குறைத்துக்கொண்டு, நின்றது. இருவருக்கும் நடுவே ஐ.நா. படை வந்தது. பின்னிக் கிடந்த இரண்டு படைகளை மூன்றாவது ஆள் நடுவில் புகுந்து பிரித்துவிட்ட ஏற்பாடு இது.

அரபு மொழியில் இதற்கு ‘ஃபள்ளுல் இஷ்திபாக்’ என்று பெயர். இஷ்திபாக் என்றால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது. வலையைக் குறிக்கும் ‘ஷபகா’வும் அதே வேரில் பிறந்த சொல்தான். எபிரேயத்தில் ‘ஹஃப்ரதத் கோஹோத்’, அதாவது படைகளைப் பிரித்தல். போரிட்ட இரு தரப்பின் மொழியிலும் அது விலகுதல் அல்ல, பிரித்துவிடுதல்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா? தெருவில் இரண்டு பேர் கட்டிப் புரளும்போது மூன்றாமவர் என்ன செய்கிறார்? ‘சண்டையை விலக்கிவிடுகிறார்’. விலகு என்பது தன்வினை, விலக்கு என்பது பிறவினை. ஒரே ஒரு ‘க்’ கூடினால், நடுவில் நிற்கிற அந்த ஆளும் சொல்லுக்குள் வந்துவிடுகிறார். எனவே ‘படைவிலக்கு’ என்பதை முன்வைக்கிறேன்.

‘படைவிலகல்’ என்பதை வீணாக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1967 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் இஸ்ரேலியப் படை விலக வேண்டும் என்கிறது. அது விலகல்தான். (‘பகுதிகளிலிருந்து’ என்று பொதுவாகச் சொன்ன ஆங்கில வாசகமா, ‘அந்தப் பகுதிகளிலிருந்து’ என்று சுட்டிய பிரெஞ்சு வாசகமா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். சொல்லை எடைபோடுவது வீண்வேலை என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.) 1979 மார்ச் 26இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1982 ஏப்ரல் 25இல் இஸ்ரேல் சினாயை விட்டு வெளியேறியதும் படைவிலகல். அந்தச் சொல்லை 1974க்கே செலவழித்துவிட்டால் 1982க்கு எதை வைப்போம்?

சதாத்தைப் புரிந்துகொள்ளவும் இந்த வேறுபாடு வேண்டும். 1971 பிப்ரவரியிலேயே, இஸ்ரேல் ஓரளவு பின்வாங்கினால் கால்வாயைத் திறந்துவிடுகிறேன் என்றவர் அவர். பலன் இல்லை. பிறகுதான் போர், அதன் முதல் நாளிலேயே விமானியான அவருடைய தம்பி ஆதிஃப் இறந்தார். 1974 ஜனவரியில் அஸ்வானில் நடந்த பேச்சில், கிழக்குக் கரையில் 7,000 வீரரும் 30 டாங்கியும் மட்டும் வைத்துக்கொள்ள சதாத் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் சொன்னதும், கமாசி எழுந்து ஜன்னல் பக்கம் போய் அழுதார். கடந்துபோய்ப் பிடித்த கரை அது. ‘படைகள் வாபஸ்’ என்று நான் எழுதினால், கமாசி தோற்றதற்காக அழுதார் என்று வாசகர் நினைப்பார். அவர் தோற்கவில்லை. வென்ற மண்ணில் நின்றுகொண்டே ஆயுதத்தைக் குறைக்கச் சொன்னார்கள், அதற்காக அழுதார். 1975 ஜூன் 5இல் கால்வாய் திறந்ததும், 1977 நவம்பரில் சதாத் ஜெருசலேமுக்கே போய் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் அரபு மொழியில் பேசியதும் இந்த விலக்குக்குப் பிறகு வந்தவை.

ஐ.நா. நின்ற நிலத்துக்கு ‘இடைப்பட்டை’ என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள் கருத்தை அறியக் காத்திருக்கிறேன்.

அன்புடன்

—

ஐயா, வணக்கம்.

விலகு–விலக்கு வேறுபாடு மிகச் சரி. ஆனால் ‘மதுவிலக்கு’ என்றால் மது கூடாது என்றல்லவா பொருள்? ‘படைவிலக்கு’ என்றால் படையே கூடாது என்றாகிவிடும். ‘கட்டண விலக்கு’ போல, படையில் சேர்வதிலிருந்து விலக்கு என்றும் படிக்கலாம். தலைவாரும்போது சிக்கெடுக்கிறோமே, ‘படைச் சிக்கெடுப்பு’ என்றால் என்ன? அரபுச் சொல்லுக்கு அதுதான் கிட்ட வருகிறது.

—

அம்மா, வணக்கம்.

மதுவிலக்கை நான் நினைக்கவே இல்லை. நீங்கள் சொன்ன பிறகு ‘படைவிலக்கு’ என்று எங்கே பார்த்தாலும் அதுதான் கண்ணில் படுகிறது. கைவிட்டுவிட்டேன்.

சிக்கெடுப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இஷ்திபாக்கை விளக்கும் இடத்தில், ‘பின்னிய தலைமுடியில் சிக்கெடுப்பதுபோல’ என்று உங்கள் உவமையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். உடன்படிக்கையின் பெயராக வைக்கத்தான் தயக்கம். சிக்கெடுப்பவர் ஒருவர், முடியும் அவருடையதே. இங்கே இரண்டு பகைவர்களும் நடுவில் ஒருவரும் இருக்கிறார்கள்.

அதனால் ‘இடை’யை உள்ளே கொண்டுவந்து ‘படையிடை விலக்கு’ என்று வைத்துப் பார்த்தேன். இரு படைகளுக்கு இடையில் செய்யும் விலக்கு. தடை என்றோ சலுகை என்றோ படிக்க இடமில்லை. பக்கத்தில் ‘இடைப்பட்டை’ வரும்போது இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கின்றன. 1974 மே மாதம் சிரியாவோடு கோலான் குன்றுகளில் செய்துகொண்டதற்கும், 1975 செப்டம்பரில் சினாய்க்காகச் செய்த இரண்டாவது உடன்படிக்கைக்கும் இதைப் பொருத்திப் பார்த்தேன். சிரியாவுக்குச் சரியாக உட்கார்ந்தது. 1975இல் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. அப்போது படைகள் பின்னிக் கிடக்கவில்லை. கிடி, மித்லா கணவாய்களிலிருந்து இஸ்ரேல் பின்வாங்கியது. அதை ‘சினாய் இரண்டாம் உடன்படிக்கை’ என்றே எழுதி, உள்ளே ‘பகுதிப் படைவிலகல்’ என்று சொல்லிவிடலாமா?

வெள்ளிக்கிழமை அத்தியாயத்தை அனுப்ப வேண்டும். அதற்குள் இந்த 1975 பற்றி மட்டும் சொல்லுங்கள்.