எலி மக்களா? ‘பாப்புலேஷன் சைக்கிள்’ தமிழில்
(பர்மாவின் மூன்று ஊர்க்காரர்களின் கலைச்சொல் உரையாடல்)

ரங்கூன்:
ஒரு விலங்கினத்தின் எண்ணிக்கை சில ஆண்டுக்கொருமுறை ஏறி இறங்குவதே ‘பாப்புலேஷன் சைக்கிள்’. கலைச்சொல் வரைவுப் பட்டியலில் இதற்கு ‘மக்கள்தொகைச் சுழற்சி’ என்று இருக்கிறது. எலி எப்போது மக்களானது? இலங்கைப் பாடநூல்களின் ‘குடித்தொகை’ தேவலை, ஆனாலும் குடி ஒட்டிக்கொண்டே நிற்கிறது. ‘இனத்தொகைச் சுழற்சி’ போதுமா? மேற்கு பர்மாவின் சின் மலையில் மூங்கில் பூத்தால் எலி பெருகுவதையும் அதிலேயே அடக்கிவிடலாம்.

மோல்மேன்:
இனத்தொகை சரி ஐயா. மூங்கில் எலியை அதில் சேர்க்காதீர்கள். அங்குள்ள மெலோகன்னா என்ற மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. கொட்டும் காயைத் தின்று எலி ஈற்றுக்கு மேல் ஈற்றாகப் போடுகிறது. மிச்சக் காய் மழையில் முளைத்ததும் தீனியற்று வயலில் இறங்குகிறது. ஆண்டுக்கணக்கு மூங்கிலுடையது, எலியுடையதல்ல. இதற்கு ‘எலிப்பெருக்கு’ போதும். ‘வெடிப்பு’ வேண்டாம், வயல் வெடிப்பில்தான் எலி குடியிருக்கிறது!

வட ஐரோப்பாவில், லாப்லாந்தின் வோல் என்ற குட்டைவால் எலி வேறு கதை. 3 முதல் 5 ஆண்டுக்கொரு உச்சம். அங்கே வீசல் என்ற சிறு ஊனுண்ணி வளைக்குள்ளேயே புகுந்து பிடிக்கும். வோல்தான் அதற்குப் பிழைப்பு. வோல் பெருகிய பின்புதான் வீசல் பெருகும். வோல் சரிந்த பிறகும் வீசல் குறையாமல் இருப்பதால் எலி தலையெடுக்க முடியாது. வீசல் பட்டினியில் செத்த பிறகே மீளும். தெற்கு ஸ்வீடனில் நரியும் பருந்தும் வோல் குறைந்தால் வேறு இரைக்குப் போய்விடுகின்றன. இரைக்குப் பின்னால் தாமதித்து ஏறி இறங்கும் பிந்தல் இல்லை, அலைவும் இல்லை.

ஆகவே ‘இனத்தொகை அலைவு’ என்பேன். பயிர்ச் சுழற்சி போல இது கணக்காகத் திரும்புவதில்லை. அலைவுக்காலம், வீச்சு இரண்டும் இயற்பியலில் தயாராகவே இருக்கின்றன.

ரங்கூன்:
ஒப்புகிறேன். அந்தப் பிந்தலுக்கு என்ன பெயர்? ‘காலந்தாழ்த்திய அடர்த்திச் சார்பு’ வாயில் நுழையாது.

மோல்மேன்:
செட்டியார் பேரேட்டில் இருக்கிறதே, ‘நிலுவை’! சென்ற ஆண்டு நெரிசலின் பாக்கி இந்த ஆண்டு வசூலாகிறது. ‘நிலுவைத் தாக்கம்’. வசூலிப்பது வீசலா, கடிபட்ட புல்லில் ஏறும் சிலிக்காவா, தாய் எலியின் உடல்நலிவா என்று இந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. அதுதான் இதன் நன்மை.

பெகு:
சொல்லோடு அளவையும் எழுதுங்கள். ஆண்டுதோறும் அதே பருவம், அதே இடம், நூறு பொறி-இரவுக்கு (ஒரு பொறி ஓர் இரவு வைத்திருந்தால் ஒரு பொறி-இரவு) எத்தனை எலி என்று. மூடிய பொறி ஒவ்வொன்றுக்கும், எலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரை இரவு கழியுங்கள். இல்லாவிட்டால் உச்ச ஆண்டில் பொறிகள் நிறைந்து, உச்சமே தட்டையாகத் தெரியும். பிறகு இவ்வாண்டு எண்ணிக்கையின் மடக்கையை (லாகரிதம்) முந்திய இரண்டு ஆண்டுகளின் மடக்கைகளோடு பொருத்திப் பாருங்கள். அந்தப் பொருத்தத்தில் இரண்டாண்டுக்கு முந்தியதைப் பெருக்கும் எண், அதாவது கெழு, தெளிவாக எதிர்க்குறி என்றால் நிலுவை உண்டு. பத்து ஆண்டுக்குக் குறைந்த தரவை நம்பாதீர்கள்.

மாதக் கணக்கு ஏமாற்றும். இங்கே கரம்பை எலி கதிர்ப் பருவத்தையொட்டி ஆண்டுதோறும் ஏறி இறங்கும். அது அலைவல்ல, பருவம். 2008 நர்கிஸ் புயலுக்குப் பின் ஐராவதி டெல்டாவில் நடவு முன்னும் பின்னுமாகப் போய், கதிர் நாள் நீண்டு, 2009-ல் எலி மொய்த்ததே, அது பெருக்கு. அதற்கு ‘அலைவு’ என்று எழுதினால் விவசாயி அடுத்த உச்சத்துக்கு வீணாக ஆண்டு எண்ணிக்கொண்டிருப்பார். செய்யவேண்டியது ஊர் முழுதும் இரண்டு வாரத்துக்குள் நட்டு முடிப்பது.