[கலைச்சொல்] காக்னிட்டிவ் டிக்ளைன்: வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

செ. எழுதியது:
அமெரிக்க அரசமைப்பின் 25ஆம் திருத்தத்தை (குடியரசுத் தலைவர் செயல்பட இயலாதபோது அதிகாரம் யாருக்கு என்பது) விளக்கும் கட்டுரை வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. 2024 ஜூன் 27 தேர்தல் விவாதத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் பைடன் தடுமாறியது, ஜூலை 21இல் போட்டியிலிருந்து விலகியது, இவை முன்பகுதி. 'காக்னிட்டிவ் டிக்ளைன்' (நினைவு, சிந்தனை, கவனம் முதலிய திறன்கள் குறைந்துகொண்டே போவது) பதினோரு இடத்தில் வருகிறது. வரைவில் 'அறிவாற்றல் வீழ்ச்சி' என்று இருக்கிறது. படித்தால் திட்டுவதுபோல் ஒலிக்கிறது. மாற்று வேண்டும். டிமென்ஷியாவுக்கும் இதற்கும் ஒரே சொல் வரக்கூடாது.

ம.வ. எழுதியது:
முதற்பாதி எளிது: அறிதிறன். வினைத்தொகை. அறிந்த, அறிகின்ற, அறியும் திறன் மூன்றும் அதற்குள் அடக்கம். (தயவுசெய்து 'அறித்திறன்' வேண்டாம், வினைத்தொகையில் வல்லினம் மிகாது.) மறுபாதியைத் தொல்காப்பியர் உரியியலில் எடுத்துவைத்திருக்கிறார்: 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்.' முன்பு இருந்த ஒன்று சிறுத்துப்போவதுதான் உள்ளதன் நுணுக்கம். தொடக்கத்திலிருந்தே இல்லாததை அது சுட்டாது. ஆகவே 'அறிதிறன் நிழத்தல்'. ஆய்த எழுத்தின் பெயரும் இந்த ஆய்தலிலிருந்தே வந்தது என்பர். அதைத் தனி இழையில் விரிக்கிறேன்.

க. எழுதியது:
விரிக்க வேண்டாம் ஐயா, வெள்ளிக்குப் பிறகு பார்ப்போம். 'நிழத்தல்' என்றால் பந்தல் போடுவது என்று நினைப்பார்கள். எங்கட யாழ்ப்பாணத்தில் கிழவிகளும் சொல்லும் சொல் இருக்கு: அறளை பெயர்தல், வயதாகிப் புத்தி தடுமாறுவது.

செ. எழுதியது:
அழகான சொல்தான். ஆனால் 'செனட்டருக்கு அறளை பெயர்ந்தது' என்று அரசமைப்புக் கட்டுரையில் எழுதினால் என்னைத் தூக்கிவிடுவார்கள்.

மருத்துவர் ந. எழுதியது:
சொல்லுக்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்ளுங்கள். டிக்ளைன் ஒரு போக்கு. இன்று எடுத்த ஒற்றை மதிப்பெண்ணை வைத்து அதைச் சொல்லவே முடியாது. அதே ஆளின் பழைய அளவீடு ஒன்றும் வேண்டும். இம்பேர்மென்ட் இப்போதைய நிலை, அதற்குக் 'குறைபாடு' போதும். அன்றாட வேலையைத் தானாகச் செய்ய முடியாத அளவுக்குப் போனால்தான் டிமென்ஷியா.

குழப்பம் பெரும்பாலும் மோகா (MoCA) என்ற சிறிய அறிதிறன் சோதனையில் தொடங்குகிறது. மொத்தம் 30. 26உம் அதற்கு மேலும் இயல்பு. 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையணும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கணும், ஐந்து சொல்லைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லணும். 2018இல் டிரம்ப் 30க்கு 30 எடுத்தார். சல்லடையில் சிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். நிறையப் படித்த ஒருவர் தம் பழைய நிலையிலிருந்து கணிசமாக இறங்கியும் 27 எடுக்கலாம். எனவே 'வடிகட்டல் சோதனை' என்று எழுதுங்கள். 'நோயறி சோதனை' என்றால் தவறு.

'வீழ்ச்சி'யும் ஆகாது. வீழ்ச்சி சட்டென்று நிகழ்வது, இது மெல்ல நடப்பது. என் வாக்கு 'தேய்வு'க்கு.

ம.வ. எழுதியது:
தேய்ந்த பிறை வளரும். இது வளருமா?

மருத்துவர் ந. எழுதியது:
சில நேரம் வளரும். பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை: இவற்றால் வந்த தடுமாற்றம் சிகிச்சையில் மீளக்கூடும். எனவே பிறை உவமை என் பக்கம்.

ம.வ. எழுதியது:
அப்படியானால் புணர்ச்சியையும் ஒழுங்காகச் செய்யுங்கள்: அறிதிறற்றேய்வு.

க. எழுதியது:
பல் உடையும். இடைவெளி விட்டே எழுதுவம்.

இன்னொன்று, செ. அண்ணை. திருத்தத்தின் நான்காம் உட்பிரிவில் மருத்துவச் சொல்லே இல்லை. பதவியின் அதிகாரத்தையும் கடமையையும் நிறைவேற்ற 'இயலாதவர்' என்றுதான் இருக்கு. துணைக் குடியரசுத் தலைவரும் அமைச்சரவையில் பெரும்பான்மையினரும் எழுதிக் கொடுக்க வேணும். தலைவர் மறுத்தால் 4 நாளுக்குள் அவர்கள் மறுபடி எழுத வேணும். பிறகு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) 21 நாளுக்குள் இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் முடிவெடுக்க வேணும். திருத்தம் 1967இல் ஏற்கப்பட்டது, இந்த உட்பிரிவை இன்றுவரை ஒருவரும் பயன்படுத்தவில்லை. 2002, 2007, 2021இல் பெருங்குடல் சோதனை மயக்கத்துக்காகத் தலைவர்களே அதிகாரத்தை ஒப்படைத்தது மூன்றாம் உட்பிரிவில். உங்கள் வரைவில் நான்காம் உட்பிரிவுக்கும் 'அறிவாற்றல் வீழ்ச்சி' என்றே கிடக்கு. அங்கு 'இயலாமை' மட்டும் போடுங்கோ. இல்லாவிட்டால் மருத்துவச் சான்று இருந்தால்தான் நீக்கலாம் என்று வாசகர் விளங்கிக்கொள்வார்.

வரைவில் இருக்கிற 'முதுமை' என்ற முன்னொட்டையும் வெட்டுங்கோ. 1919இல் பக்கவாதம் வந்தபோது அன்றைய குடியரசுத் தலைவர் வில்சனுக்கு வயது 62தான்.

செ. எழுதியது:
சரி. மருத்துவப் பகுதியில் 'அறிதிறன் தேய்வு', சட்டப் பகுதியில் 'இயலாமை', டிமென்ஷியாவுக்கு 'மறதிநோய்' (நினைவு மட்டும் போவதில்லை என்று தெரியும், வேறு வழியில்லை). மூன்று பேர் சம்மதம், மற்றவர்கள் மௌனம். ஒரு கவலை: கணக்குப்பிள்ளைகள் 'தேய்மானம்' நினைப்பில் படிப்பார்கள். படிக்கட்டும்.

ம.வ. எழுதியது:
எனக்குச் சம்மதமில்லை என்று பதிவு செய்க. அடிக்குறிப்பிலாவது நிழத்தல் வரட்டும்.

செ. எழுதியது:
அடிக்குறிப்புக்கு இடமில்லை ஐயா. பக்கம் கட்டியாயிற்று.