வீட்டில் பார்த்தால் நல்ல படம்கூட ஏன் சப்பென்று இருக்கிறது?

பின்வரிசை கேட்கிறார்:
55 அங்குல 4கே டிவி, தனி ஸ்பீக்கர் கிடையாது. வேலை, சாப்பாடு எல்லாம் முடிந்து இரவு 10 மணிக்கு மேல்தான் படம் போட முடிகிறது. எந்தப் படம் போட்டாலும் பேசுவது முணுமுணுப்பாகக் கேட்கிறது. ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியில் பின்னணி இசை வீட்டையே எழுப்பிவிடுகிறது. முகங்கள் சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகின்றன. இருட்டுக் காட்சிகளில் ஒன்றுமே புரிவதில்லை. 'படம் சுமார்' என்று எழுதுவதற்கு முன் கேட்கிறேன், கோளாறு படத்திலா, டிவியிலா? புதிதாக எதுவும் வாங்காமல் சரிசெய்ய வழி உண்டா?

ஒலிக்கூடம்:
பெரும்பாலும் டிவியில்தான். முதலில் ஒலியைப் பாருங்கள், படத்தோடு ஒட்ட விடாமல் செய்வது அதுதான்.

5.1 ஒலித்தடத்தில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று பிரித்துக் கலந்த ஒலி) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்றே தனியாக வைக்கப்பட்டிருக்கும். உங்கள் டிவியில் நடு ஸ்பீக்கர் இல்லை. அதனால் அந்த ஒலியை 3 டெசிபல் குறைத்து இடம், வலம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. பின்பக்க ஒலிகளும் அதே இரண்டில் வந்து கலக்கின்றன. வசனம் தொலைந்துபோகவில்லை, தனி இடத்திலிருந்து வரவேண்டியது இசையோடு ஒரே இடத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. சொல்லைப் பிரித்துக் காட்டும் க, ச, ட, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும்போது முதலில் மழுங்குவது அதுதான்.

ஆகவே, படம் ஓடும்போதே ஒலி, சப்டைட்டில் பட்டியலைத் திறந்து '5.1' என்று போடாத தமிழ்த் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஒன்று இல்லை, டிவியில் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில்தான் பார்க்கிறீர்கள் என்றால் அதன் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ (இடம், வலம் மட்டும்) வையுங்கள். பிறகு டிவியில் 'வர்ச்சுவல் சரவுண்ட்' வகை எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள். பரந்து கேட்கச் செய்கிறேன் என்று நடுவில் நிற்கவேண்டிய குரலைக் கலைத்துவிடும். கடைசியாக 'நைட் மோட்' (சில டிவிகளில் 'ஆட்டோ வால்யூம்'). சிறிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கும். இரவு 10 மணிக்கு இது கட்டாயம். பகலில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதிரவேண்டிய காட்சியும் தட்டையாகிவிடும்.

இப்படி இழுபறி வருவதற்குக் காரணம் உண்டு. திரையரங்கில் ஒரு சேனலை 85 டெசிபலுக்கு அளவு வைக்கிறார்கள், உச்சம் 105 வரை போகலாம். அந்த ஏற்ற இறக்கத்துக்கென்று கலந்த ஒலியை இரவில் வீட்டுக்குள் அடக்கப் பார்க்கிறோம்.

இருபத்துநாலு:
வழவழப்புக்குப் பெயர் மோஷன் ஸ்மூத்திங். படம் விநாடிக்கு 24 பிரேம். டிவி இடையில் இல்லாத பிரேம்களைத் தானே கணக்குப்போட்டு உருவாக்கி நுழைக்கிறது. அதனால்தான் நடிப்பு நேரலை ஒளிபரப்பு மாதிரி தெரிகிறது. வேகமாகக் கை வீசும்போது விரல்களைச் சுற்றி ஓரம் கலங்குவதும் இதனால்தான். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இருக்கும், அணையுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் இன்னும் சுலபம். 2019இல் அறிவிக்கப்பட்ட இந்த முறை ஸ்மூத்திங், செயற்கைக் கூர்மை இரண்டையும் ஒரே அழுத்தில் நீக்கிவிடும். ஒலியைத் தொடாது, அதை மேலே சொன்னபடி தனியாகத்தான் செய்யவேண்டும். ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) திரையானால் மட்டும் முழுக்க அணைத்தபின் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகள் விக்கி விக்கி நகரும். அங்கே 'டி-ஜடர்' (அந்த விக்கலைக் குறைக்கும் அமைப்பு) அளவை 2 அல்லது 3இல் வைக்கலாம்.

இருட்டுக் காட்சிக்கு பிரைட்னஸைக் கூட்டாதீர்கள். பல டிவிகளில் அந்தப் பெயரில் இருப்பது கருப்பின் அளவு. கூட்டினால் கருப்பெல்லாம் சாம்பலாகிவிடும். மின்சேமிப்பையும், அறை வெளிச்சத்தைப் பார்த்து ஒளியைக் குறைக்கும் சென்சாரையும் அணைத்துவிட்டு 'பேக்லைட்'டை (திரையின் மொத்த ஒளி) ஏற்றுங்கள். முன்னால் எரியும் விளக்கை அணைத்து, கட்டாயம் வெளிச்சம் வேண்டுமென்றால் டிவிக்குப் பின்னால் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்று போதும். இவ்வளவு செய்தும் நிழலில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது இணைய வேகம். தரத்தை 'ஆட்டோ'விலிருந்து உயர்த்துங்கள், அல்லது முன்கூட்டியே தரவிறக்குங்கள்.

பின்வரிசை:
ஸ்டீரியோ தடமும் நைட் மோடும் போட்டதுமே வசனம் தெளிந்துவிட்டது, மிக்க நன்றி! சப்டைட்டிலே தேவைப்படவில்லை. புளூடூத் ஹெட்ஃபோன் போட்டால் மட்டும் உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது.

ஒலிக்கூடம்:
சாதாரண புளூடூத்தில் 150 முதல் 200 மில்லிவிநாடி தாமதம் சகஜம். குரல் சுமார் 125 மில்லிவிநாடி பிந்தினாலே கண்ணுக்கு உறுத்தத் தொடங்கும். முந்தினாலோ 45 போதும். டிவியின் 'ஏ/வி சிங்க்' (ஒலியையும் படத்தையும் ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) பெரும்பாலும் ஒலியைத் தாமதப்படுத்தத்தான் உதவும், உங்களுக்குத் தேவையோ எதிர்த்திசை. எனவே வயர் ஹெட்ஃபோன்தான் சரி.

குறிப்பேடு:
எழுதப்போகிறீர்கள் என்பதால் இதையும் சேர்க்கிறேன். படம் முடிந்து பத்து நிமிடத்துக்குள், மற்றவர் விமர்சனம் எதையும் திறக்காமல் நான்கு வரி எழுதுங்கள்: எந்த இடத்தில் கை செல்போனைத் தேடியது, எந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது, எந்த வசனம் சரியாகக் காதில் விழவில்லை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை அமர்வில் பார்த்தீர்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 11 மணிக்கு மேல், இரண்டு துண்டாகப் பார்த்த படத்தை 'இழுவை' என்று எழுதினால் அந்த இழுவையில் உங்கள் களைப்புக்கும் பங்கு உண்டு; படிப்பவருக்கு அது தெரியவேண்டும்.

துண்டாகத்தான் பார்க்க முடியும் என்றால் காட்சி முடியும் இடத்தில் நிறுத்துங்கள், உரையாடலின் நடுவில் வேண்டாம். மறுநாள் 5 நிமிடம் பின்னோக்கிப் போய்த் தொடங்கினால் இசையின் மனநிலை திரும்பப் பிடிபடும். அமைப்பை மாற்றுவதற்கு முன் பார்த்த படங்களைப் பற்றி இப்போது எழுதவேண்டாம். ஒவ்வொன்றிலும் முதல் 20 நிமிடத்தை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.