மேக்ஸிமிலியன் சூரியகாந்தி பூக்கும் முன்பே சாய்ந்துவிட்டது, வெட்டலாமா?

கேள்வி:
இது பல வருஷம் வாழும் சூரியகாந்தி வகை. மூன்றாம் வருஷத் தூர், எட்டடி உயரம். ஆகஸ்ட் கடைசியில் மொட்டு வைத்த நிலையில், காற்று மழையில் நடுவில் பிளந்து நாலா பக்கமும் சாய்ந்துவிட்டது. வெயில் காலையில் நாலு மணி நேரம்தான். வசந்தத்தில் தொழுவுரம் போட்டேன், வாரம் இருமுறை தண்ணீர். இலையில் வெள்ளைப் பூச்சு. சில மொட்டுகள் காம்பு ஒடிந்து தொங்குகின்றன. பாதியாக வெட்டிவிடலாமா?

பதில் 1:
இப்போ வெட்டாதீங்க. மொட்டெல்லாம் தண்டின் மேல்பாதியில், இலைக் கணுக்களில்தான் இருக்கு. வெட்டினால் இந்த வருஷப் பூ போச்சு. சாய்ந்த தண்டை இழுத்து நிமிர்த்தவும் வேண்டாம், அடியில் முறியும். தூரைச் சுற்றி நாலு கம்பு ஊன்றி, இரண்டடியிலும் நாலடியிலும் சணல் கயிற்றைத் தளர்வாகச் சுற்றுங்க.

காரணம் உரம், தண்ணீர், நிழல் மூன்றும். சொந்த ஊரான வட அமெரிக்கப் புல்வெளியில் இது உயரமான புற்களின் நெருக்கத்தில் நிற்கிற செடி, முட்டுக்கொடுக்க ஆளிருக்கும். வளமான பாத்தியில் தனியாக விட்டால் தண்டு நீளுமே தவிர திடப்படாது. உரத்தை அடியோடு நிறுத்துங்க. வேர் பிடித்த செடிக்கு நீண்ட வறட்சியில் மட்டும் தண்ணீர் போதும்.

பதில் 2:
அடுத்த வருஷம் மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில், மூன்றடி வந்ததும் பாதியாக வெட்டுங்க. வெட்டிய இடத்தில் கிளை பிரியும். உயரம் குறையும், பூ சற்றுத் தள்ளிப்போகும். ஜூலை பாதிக்குப் பிறகு கத்தரி வைக்கவே கூடாது.

பதில் 3:
வெள்ளைப் பூச்சை விரலால் தேய்த்துப் பாருங்க. இந்த இலையே சொரசொரப்பான நரை மயிரோடுதான் இருக்கும், அது தேய்த்தாலும் போகாது. மாவாக ஒட்டினால் சாம்பல் நோய். செடி சாகாது, மெலிந்த தண்டுகளை அடியோடு நீக்கிக் காற்றோட்டம் கொடுங்க.

தொங்கும் மொட்டுக்குக் கீழே காம்பைச் சுற்றி ஊசி குத்திய மாதிரி வளையம் இருக்கா? வட அமெரிக்கத் தோட்டம் என்றால் அது காம்பு வெட்டும் கூன்வண்டு. வாடும் மொட்டுக்குள்தான் முட்டையிடும். தொங்குவதையும் விழுந்ததையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்க. விட்டுவைத்தால் புழு மண்ணுக்குள் இறங்கிக் குளிர்காலத்தைக் கழித்துவிடும்.

கேட்டவர்:
வளையம் இருக்கிறது, பொறுக்குகிறேன். வெயிலுள்ள இடத்துக்கு மாற்ற, பூ முடிந்ததும் பிரிக்கலாமா?

பதில் 2:
வசந்தம் வரை பொறுங்க. முளை மூன்று நாலு அங்குலம் வந்ததும் தோண்டி, ஓரத்துக் கிழங்குத்தண்டுகளை (மண்ணுக்கடியில் படரும் தண்டு) மட்டும் எடுத்து, மூன்றடி இடைவெளியில் நடுங்க. நடுவில் கட்டையாகிப் போனதைத் தூக்கிப் போடலாம். ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடமென்றால் மாற்றியும் பயனில்லை.